கட்டைவிரல் அளவு இடம்

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு உஷாராணி கட்டிலிலிருந்து வலது காலை மட்டும் கீழே வைத்தாள். இடது காலை இறக்குவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குதிகால் தரையில் பட்டதும், கீழேயிருந்து யாரோ ஆணி அடித்ததுபோல் சுரீரென்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தாள். ஏழாவது அடியில் வலி கொஞ்சம் தளர்ந்தது. பத்தாவது அடியில் குளியலறைக் கதவு வந்துவிட்டது. மூன்று வாரமாக இந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

கட்டிலின் மறுபக்கத்தில் சுகுமாறன் புரண்டு படுத்தார்.

"என்ன, இன்னிக்கும் ஓடப் போகலியா?"

"மழை வரும்போல இருக்கு."

"நட்சத்திரம் தெரியுதே ஜன்னல்ல."

"பின்ன வரும்."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். உஷாராணி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காலைத் தூக்கிப் பிடித்து அழுத்தினாள். போன வாரம் தலைவலி. அதற்கு முந்தின வாரம் பள்ளியில் தணிக்கை. இப்போது மழை. பொய்களும் தீர்ந்துகொண்டே வந்தன.

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் இருக்கும் இந்த வரிசை வீட்டுக்குள் ஓட்டம் நுழைந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும் கிராணியான உஷாராணிக்கு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டது. மறுநாளே அவள் திடலைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். மூன்றாம் மாதம் நடை ஓட்டமானது. ஆறாம் மாதம் சர்க்கரை இறங்கியது.

சுகுமாறன் மட்டும் இறங்கி வரவில்லை. "இந்த வயசுல டிராக் சூட் மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓடறதா? பாக்கறவன் என்ன நினைப்பான்?" என்று ஒருநாள் வெடித்தார். பிறகு ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. அவள் ஓடுவதை நிறுத்தவில்லை. அவரும் முகத்தை மாற்றவில்லை.

அப்படிப்பட்டவர், இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளன்று ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். உள்ளே புத்தம்புது ஓட்டக் காலணி. "ஓடறதுன்னு ஆயிடுச்சு. நல்லதைப் போட்டுட்டு ஓடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உஷாராணிக்கு அது போதும். அவருடைய சம்மதம் அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் வந்தது.

காலணி முதல் நாளே காலை இறுக்கிப் பிடித்தது. போகப் போகத் தளரும் என்று நினைத்தாள். அது தளரவில்லை; அவளுடைய கால்தான் தளர்ந்தது. புதன்கிழமை மகள் ஷாமினி அவளைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் குதிகாலை ஓரிடத்தில் அழுத்த, உஷாராணி நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டாள். "இப்படியே ஓடினால், பிறகு மாதக்கணக்கில் ஓடவே முடியாது. முதலில் காலணியைக் கவனியுங்கள்" என்றார் டாக்டர்.

காலணி சரியில்லை என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அதைத் திருப்பிக் கொடுத்தால், சம்மதமும் அதே பெட்டியில் ஏறித் திரும்பிப் போய்விடாதா?

---

பசியாற உட்கார்ந்தபோது ஷாமினி பேச்சை எடுத்தாள். இருபத்தெட்டு வயது, கோலாலம்பூரில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. பொய் சொல்லும்போது வேகமாகப் பேசுவாள்.

"அப்பா, இன்னிக்கு நானும் அம்மாவும் பிரிக்பீல்ட்ஸ் போறோம், எனக்கு ஷூ எடுக்கணும், மத்தியானம் கிளம்பி ராத்திரிக்குள்ள வந்துடுவோம், டீ ஃபிளாஸ்க்ல இருக்கும்."

சுகுமாறன் தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "சப்பாத்தா? அப்போ நானும் வரேன்."

தாயும் மகளும் ஒரே சமயத்தில் தண்ணீர்க் குவளையை எடுத்தார்கள்.

"உங்களுக்கு எதுக்குப்பா அலைச்சல்?"

"அலைச்சல் என்ன அலைச்சல்? சப்பாத்து எடுக்கத் தெரிஞ்ச ஆளு கூட வேணும். உங்கம்மாவுக்கு எடுத்தேனே, பாத்தியா? ஆளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போகாமலே அளவு எடுத்தேன். எவனால முடியும்?"

"யாராலயும் முடியாதுப்பா" என்றாள் ஷாமினி.

அளவு என்பது சுகுமாறனுக்குச் சாதாரண விஷயம் அல்ல. காப்பார் சாலையில் முப்பத்திரண்டு வருடம் கிரில் பட்டறை நடத்தியவர். கிள்ளானில் பாதி வீடுகளின் ஜன்னலுக்கும் கேட்டுக்கும் அளவெடுத்தவர். ஒரு கம்பிகூட இரண்டாம் முறை வெட்டியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அது உண்மையும்கூட.

"கார்ல போனா அங்க பார்க்கிங் கிடைக்காது" என்று கடைசி ஆயுதத்தை எடுத்தாள் உஷாராணி.

"ரயில்ல போவோம்லா. ரிடையர் ஆனவனுக்கு என்ன அவசரம்?"

---

ஷாமினி போனில் கேட்டபோது, காலணிக் கடைக்காரம்மா நான்கு மணிக்கு மேல்தான் வரச் சொல்லியிருந்தார். காலையில் பாதம் சுருங்கி இருக்குமாம். நாள் முழுக்க நடந்து, நின்று, சாயங்காலம்தான் அது தன் முழு அளவுக்கு வருமாம். அதனால் இரண்டு மணி கொமுட்டர் ரயிலைப் பிடித்தார்கள்.

கிள்ளான் நிலையத்தில் ரயில் வந்து நின்றபோது ஷாமினி அம்மாவின் கையைப் பிடித்து நேரே பெண்கள் பெட்டிக்குள் ஏற்றினாள். சுகுமாறன் கதவுவரை வந்துவிட்டு, இளஞ்சிவப்பு நிற அறிவிப்பைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"போங்க, போங்க. நான் பக்கத்துப் பெட்டியில இருக்கேன்."

ரயில் ஷா ஆலம் நிலையத்தைத் தாண்டியது. பிறகு ஷாமினி குனிந்து, "அம்மா, அப்பாகிட்டச் சொல்லிடலாம்மா" என்றாள்.

"வேணாம். கடையில நீ எடுக்கற மாதிரி நில்லு. நான் பக்கத்துல சும்மா போட்டுப் பாக்கற மாதிரி பாக்கறேன்."

"சும்மா போட்டுப் பாத்துட்டு எப்படி வாங்குவீங்க?"

"நீ ஆசையா எனக்கு ஒண்ணு வாங்கித் தர்ற மாதிரி."

"அப்போ அப்பா வாங்கித் தந்தது?"

"அது மழை நாளைக்குன்னு வச்சுக்குவேன்."

ஷாமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மழைக்கு ஒரு ஜோடி, வெயிலுக்கு ஒரு ஜோடி. கோயிலுக்கு ஒண்ணு எடுத்துடலாமா?"

"நீ சிரி. உனக்கென்ன." உஷாராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "காலையில அந்த நாப்பது நிமிஷம் யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சாவி எங்க, சட்டை எங்க, போன வருஷ ஃபைல் எங்க... ஒண்ணும் கிடையாது. மூச்சு விடற சத்தம் மட்டும்தான். அதை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்னு தெரியல ஷாமி."

ஷாமினி அம்மாவின் கைமேல் கையை வைத்தாள்.

சுபாங் ஜெயாவில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த கண்ணாடியில் சுகுமாறனின் முகம் தெரிந்தது. உட்கார இடம் கிடைத்ததா என்று கையால் கேட்டார். இருவரும் சேர்ந்து தலையாட்டினார்கள். அவர் திருப்தியோடு மறைந்தார்.

---

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டி, ஒரு சந்துக்குள் திரும்பி, பழைய கடைவீட்டு மாடியில் இருந்தது அந்தக் கடை. படிகள் குறுகல், செங்குத்து. சுகுமாறன் முன்னால் ஏறினார். உஷாராணி கைப்பிடியில் பாதி உடம்பைச் சாய்த்து, சிரித்த முகத்தோடு ஏறினாள். கடைசியாக ஷாமினி.

மேலே, கதவருகில் ஒரு பெண் கைகட்டி நின்று அவர்கள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி. வெரோனிகா. செந்தூல் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். ஒருகாலத்தில் மாநிலத்துக்காக எண்ணூறு மீட்டர் ஓடியவர்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

"எனக்குத்தான் ஷூ பாக்கணும்" என்றாள் ஷாமினி வேகமாக.

வெரோனிகாவின் புருவம் உயர்ந்தது. "போன்ல அம்மாவுக்குன்னுதானே சொன்னே? குதிகால் வலி, மூணு வாரமான்னு?"

ஷாமினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கா?" சுகுமாறன் திரும்பினார். "அவளுக்குத்தான் புதுசு இருக்கே. கால்லயே போட்டிருக்கா பாருங்க. வலி கிலி ஒண்ணும் இல்லையே. இருக்கா உஷா?"

உஷாராணி வாயைத் திறப்பதற்குள் வெரோனிகா முந்திக்கொண்டார். "அண்ணே, படியேறும்போது பாத்தேன். இடது குதிகாலை அக்கா ஒரு படியில கூட வைக்கல. விரல் நுனியிலயே ஏறி வந்தாங்க." நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அக்கா. முதல்ல அதைக் கழட்டுவோம்."

காலணி கழன்றது, காலுறையும் கழன்றது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. வெரோனிகா காலணிக்குள் கையை விட்டு, அடியிலிருந்த மெத்தைத் தகட்டை உருவி எடுத்துத் தரையில் போட்டார்.

"இது மேல ஏறி நில்லுங்க. ரெண்டு கால்லயும் பாரத்தைப் போட்டு நில்லுங்க."

உஷாராணி நின்றாள். கட்டைவிரலும் அடுத்த விரலும் தகட்டின் விளிம்பைத் தாண்டித் தரையில் நின்றன. பக்கவாட்டில் சதை வழிந்தது.

சுகுமாறனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்துக்கு வெளியே நிற்கும் கம்பியை ஆயுள் முழுக்கப் பார்த்த கண் அது.

"இது ஆறு" என்றார் வெரோனிகா, அளவுப் பலகையில் ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்துவிட்டு. "அக்காவுக்கு வலது ஏழு. இடது ஏழரையைத் தொடுது. ரெண்டு காலும் ஒரே அளவு இருக்காது. பெரிய காலுக்குத்தான் எடுக்கணும்."

"இருக்காதே." சுகுமாறனின் குரல் இறங்கியிருந்தது. "நான் அளந்துதானே எடுத்தேன்."

"எதை அளந்தீங்க அண்ணே?"

"வாசல்ல கிடக்குதே அவ சப்பாத்து, நீலக் கோடு போட்டது. அதைத்தான். குப்பை கொட்ட, துணி காயப் போட, தினம் அதைத்தான் போட்டுட்டுப் போறா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். தாள்ல வச்சு வரைஞ்சு, நீளம் அகலம் ரெண்டையும் டேப்புல எடுத்து..."

"அப்பா!" ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். "அது நான் ஃபார்ம் ஃபைவ்ல போட்ட ஷூ!"

அந்த வரிசையில் இருக்கும் எல்லா வீட்டையும்போல அவர்கள் வீட்டிலும் காலில் போடுவது எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வராது. வெளியே அடுக்கில் எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. அவசரத்துக்கு எது காலில் அகப்படுகிறதோ அதுதான். ஷாமினியின் பழைய பள்ளிக் காலணி பத்து வருடமாக அப்படித்தான் அங்கே கிடந்தது.

"அதுல எனக்குக் கால் நுழையாதுங்க" என்றாள் உஷாராணி மெதுவாக. "பின்பக்கத்தை மிதிச்சு மடக்கித்தான் மாட்டிக்கிட்டுப் போவேன்."

"மடங்கி இருந்துச்சு" என்றார் சுகுமாறன். "நிமிர்த்தி வச்சுட்டுத்தான் அளந்தேன்."

ஷாமினி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் தொங்கிய காலுறைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுகுமாறன் சிரிக்கவில்லை. மனைவியின் காலைப் பார்த்தார். கறுத்த நகத்தைப் பார்த்தார். மேசைமேல் வைத்திருந்த தொப்பியை எடுத்தார்.

"கீழ போயிட்டு வரேன்."

---

படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் உஷாராணி நாற்காலியில் சாய்ந்தாள். எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. தன் அளவு தப்பாகப் போனதை அந்த மனிதர் நான்கு பேர் முன்னால் கேட்டுவிட்டார். இனி எத்தனை நாள் பேச மாட்டார்? ஒன்பதா, பத்தொன்பதா? அதற்குப் பிறகு பேசும்போது, 'இந்த ஓட்டமே வேணாம், விட்டுத் தொலை' என்றுதான் தொடங்குவார்.

"எடுத்து வச்சுடுங்க வெரோனிகா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"அவர் இறங்கிப் போனா உங்க கால் சின்னதாயிடுமா?" வெரோனிகா இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். "நீங்க ஓடும்போது போடற காலுறை கொண்டு வந்தீங்களா? அதைப் போடுங்க. அதோடதான் பாக்கணும்."

உஷாராணி காலுறையை மாட்டினாள். கண் மட்டும் படிக்கட்டிலேயே இருந்தது.

ஷாமினி ஜன்னலருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். "கடை முன்னால அஞ்சடி நடைபாதையில நிக்கிறாரு."

"கோபமாவா?"

"தெரியல. நடக்கறாரு... பழக்கடைகிட்டப் போயிட்டாரு... திரும்பறாரு." ஷாமினி கழுத்தை இன்னும் நீட்டினாள். "அம்மா, அவரு எல்லார் காலையும் பாக்கறாரும்மா."

"என்ன?"

"போறவங்க வர்றவங்க காலை எல்லாம் குனிஞ்சு பாக்கறாரு. ஒரு ஆன்டி முறைச்சுட்டுப் போறாங்க."

வெரோனிகா சிரித்துவிட்டார். உஷாராணிக்குச் சிரிக்க வரவில்லை. முதல் ஜோடியில் குதிகால் வழுக்கியது. இரண்டாவது ஜோடியில் நடுப்பாதத்தை ஏதோ கட்டிப்போட்டதுபோல் இருந்தது. அவற்றைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது படியில் மறுபடி சத்தம் கேட்டது.

சுகுமாறன் உள்ளே வந்தார். தொப்பியைப் பழைய இடத்திலேயே வைத்தார். வந்து மனைவியின் எதிரில் நின்றார்.

"மூணு வாரமா வலிச்சுச்சா?"

"ம்."

"மழை வரும்னு சொன்னதெல்லாம்?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, ஓடாதேன்னு சொல்லிடுவீங்க."

சுகுமாறன் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்பச் சொல்லல."

உஷாராணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதற்குள் வெரோனிகா பக்கம் திரும்பியிருந்தார்.

"அம்மா, இதை எப்படி அளக்கறதுன்னு எனக்குக் காட்டுங்க. கிரில்லுக்கு நாங்க சட்டத்துக்குள்ள ரெண்டு மில்லி விடுவோம். வெயில்ல இரும்பு விரியும். இதுக்கு எவ்வளவு விடணும்?"

"சரியாக் கேட்டீங்க அண்ணே. காலும் ஓட ஓட விரியும். நீளமான விரலுக்கு முன்னால கட்டைவிரல் அளவு இடம் விடணும்."

"யாரு கட்டைவிரல்?"

"அக்காவோடது போதும். உங்களோடதை வச்சா கப்பல்தான் வாங்கணும்."

மூன்றாவது ஜோடியை மாட்டியதும் சுகுமாறன் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். காலணியின் முனையைப் பெருவிரலால் அழுத்தினார். உஷாராணி பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். கடையின் அந்தக் கோடியில் இரண்டு மலாய்ப் பெண்கள் காலணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது? எழுந்திரிங்க. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஊரான் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் முட்டி போட்டவன்தானே. காலைக் கொண்டா."

அவள் கொடுத்தாள். அவர் அழுத்தியதும், "ஸ்" என்றாள்.

"எங்க?"

"ரெண்டாவது விரல்."

வெரோனிகா காலணியைக் கழற்றிக் காலுறையோடு விரலைத் தடவிப் பார்த்தார். "மெட்டி. துணிக்குள்ள மாட்டிக்கிட்டுத் தட்டுது. இந்த விரல்தான் உங்களுக்கு எல்லாத்தையும் விட நீளம். இதைக் காப்பாத்தறதுக்காக விரலை மடக்கி மடக்கி ஓடியிருக்கீங்க அக்கா. பாரம் பூரா குதிகாலுக்குப் போயிருக்கு."

மெட்டி என்றதும் புருஷன் பெண்சாதி இருவரும் அந்த விரலையே பார்த்தார்கள். கல்யாண நாளன்று அவர் போட்டுவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் அவள் அதை ஒருமுறைகூடக் கழற்றியதில்லை. கழற்றச் சொல்லவும் கேட்கவும் அந்த வீட்டில் யாருக்கும் நா எழாது.

வெரோனிகா இரண்டு முகங்களையும் பார்த்தார். "கழட்டச் சொல்லல. அதையும் சேர்த்துத்தான் உங்க கால். மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டர் சுத்திக்குங்க. முன்பக்கம் அகலமா வர்ற மாடல் ஒண்ணு இருக்கு, இருங்க."

நான்காவது ஜோடி சாம்பல் நிறம். பார்க்க அவ்வளவு அழகில்லை. ஷாமினி முகத்தைச் சுளித்தாள். ஆனால் உஷாராணி அதைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றதும், விரல்கள் ஐந்தும் உள்ளே தனித்தனியாக அசைந்தன. குதிகாலை யாரோ உள்ளங்கையில் ஏந்திப் பிடித்ததுபோல் இருந்தது. கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பினாள். இன்னொரு தரம் நடந்தாள். மூன்றாம் தரம் நடை தன்னால் சின்ன ஓட்டமானது.

"போதும், போதும்" என்று கையை நீட்டி மறித்தார் வெரோனிகா. "ரெண்டு வாரத்துக்கு ஓட்டம் கிடையாது. நடை மட்டும். ஷூ மாத்தின உடனே வலி போயிடாது. காலையில கட்டில்ல இருக்கும்போதே பாதத்துல துண்டைப் போட்டு உங்க பக்கமா இழுங்க. அதுக்குப் பிறகு இறங்குங்க. குறையலேன்னா மறுபடி டாக்டரைப் பாருங்க."

"சரி."

"இன்னொண்ணு. முதல் ரெண்டு மூணு நாள் இதை வீட்டுக்குள்ளயே போட்டு நடங்க. சரியா வரலேன்னா நான் மாத்தித் தரேன். அடி மட்டும் அழுக்காகக் கூடாது."

உஷாராணியின் முகம் மாறியது. "வீட்டுக்குள்ள சப்பாத்தா? சாமி இருக்கற வீடும்மா."

ஷாமினி அப்பாவைப் பார்த்தாள். உஷாராணியும் பார்த்தாள். வாசலில் ஒருமுறை குழாய் ரிப்பேர்காரனைக்கூட பூட்ஸைக் கழற்றச் சொல்லி அரைமணி நேரம் வாதாடியவர் அவர்.

சுகுமாறன் ஒரு காலணியைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கி, திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். "இது இன்னும் தெருவையே பாக்கலயே" என்றார். "சாமி அறைக் கதவைச் சாத்திட்டு, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துக்கோ. ஹால் பதினெட்டடி இருக்கு."

உஷாராணி குனிந்து மற்றக் காலணியின் கயிற்றை அவிழ்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

---

வீடு போகும்வரை போட்டுக்கொள்ள, குதிகால் தடித்த மெத்தென்ற செருப்பு ஒன்றை வெரோனிகா கொடுத்தார். "என்னோடதுதான். எனக்கும் ஏழரை. அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து கொடுத்தா போதும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"காலையில ஆறரைக்கு லேக் கார்டன்ல எங்க குழு கூடும். ஓடறவங்க ஓடுவாங்க, நடக்கறவங்க நடப்பாங்க. உங்களுக்கு இப்ப நடைதானே. வாங்க."

"கிள்ளான்லேருந்து அந்த நேரத்துக்கு எப்படிம்மா வர்றது?"

"கார் எதுக்கு இருக்கு?" என்றார் சுகுமாறன். "காலையில ரோடு காலியாத்தான் இருக்கும். நான் ஓட்டிட்டு வரேன்." பிறகு யாரையும் பார்க்காமல், "நடக்கறவங்க குழுவுல ஆம்பளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"பாதிக்குப் பாதி அண்ணே."

"அப்போ நானும் நடக்கறேன்."

உஷாராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன் பாக்கறவன் என்ன நினைப்பான் என்று கேட்ட அதே வாய்தான்.

வெரோனிகாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு! என் தம்பி நைஜல்தான் நடக்கறவங்களைக் கூட்டிட்டுப் போவான். அவன் சொல்லித்தானே நான் இன்னிக்குக் கடையைச் சாத்தாம உங்களுக்காக உக்காந்திருந்தேன். ஷாமினி அம்மா வராங்க, நல்லாப் பாத்துக்கோன்னு காலையிலேருந்து ரெண்டு தரம் போன் பண்ணிட்டான்."

ஷாமினி சட்டென்று குனிந்து, காலணிப் பெட்டிக்குள் இருந்த தாளை மடிக்கத் தொடங்கினாள். மடித்த தாளையே மறுபடி மடித்தாள். காது மடல்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"நைஜலா?" என்றார் சுகுமாறன். "அது யாரு?"

வெரோனிகா உதட்டைக் கடித்துக்கொண்டார். உஷாராணி மகளையே ஒரு கணம் பார்த்தாள். புதன்கிழமையிலிருந்து தன் குதிகாலைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காப்பாற்றிய மகள் அவள்.

"குழுவைக் கூட்டிட்டுப் போறவர்னு இப்பத்தானே சொன்னாங்க" என்றாள் உஷாராணி. "பேரு ஊரெல்லாம் பின்ன விசாரிக்கலாம். நீங்க அஞ்சு மணிக்கு எழும்புவீங்களா, முதல்ல அதைச் சொல்லுங்க."

"எழும்புவேன்."

"நான் தண்ணி தெளிச்சு எழுப்ப மாட்டேன்."

"நான் எழும்புவேன்லா!"

அவர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். உஷாராணி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் இடது குதிகாலை வைத்துத்தான் இறங்கினாள். வலித்தது, ஆனால் வைக்க முடிந்தது. பாதிப் படியில் நின்று, மகளின் காதருகே குனிந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"அம்மா..."

"அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே. ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பையன் கூட நடந்து பாக்கறேன். என் கால் வேகத்துக்கு நடக்கறானா, விட்டுட்டு முன்னால போறானான்னு பாத்துட்டு மத்ததைப் பேசலாம்."

"அவன் மெதுவாத்தான்மா நடப்பான்!" என்றாள் ஷாமினி. தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

கீழே, தெரு வெளிச்சத்தில் கால் வைத்துவிட்ட சுகுமாறன் நின்றார். பெட்டியோடு மெல்லத் திரும்பி மேலே பார்த்தார்.

"யாரு மெதுவா நடப்பான்?"